மச்சான் பிடிக்காத கயிறு

வண்டிக்குள் யாரும் இல்லை. நான்கு கதவுகளும் சாத்தியிருந்தன. ஆனாலும் ரெக்சன் கையிலிருந்த ஸ்கேனரின் திரையில் ஸ்டீயரிங் கோணம் பூச்சியத்தை விட்டு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு பூச்சியத்துக்கே திரும்பியது.

வயர் லூசாக இருக்கும் என்று நினைத்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினான்.

வீல் அலைன்மென்ட் காலையிலேயே முடிந்திருந்தது. மிச்சமிருந்தது, நேர் என்றால் எது என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சக்கரங்களைத் திருத்திய பிறகு பழைய நேர் வேறு, புதிய நேர் வேறு. அதை ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்குச் சொல்லாமல் விட்டால், ஒழுங்காகப் போகிற வண்டி சறுக்குவதாகத் தானே முடிவுகட்டி ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக்கைப் பிடித்துவிடும். சொல்லிக்கொடுப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, பட்டனை அழுத்த வேண்டும். திரையில் பச்சைக் கோடு நிறையும்வரை வண்டியை யாரும் தொடக்கூடாது. ஸ்டீயரிங் இம்மிகூட அசையக்கூடாது.

கோடு பாதி நிறைந்தது. சிவப்பு எழுத்து வந்தது. ஸ்டீயரிங் அசைந்துவிட்டது, மறுபடி முயலவும்.

ஒர்க்‌ஷாப் புதுக்கோட்டை என்ற சிற்றூரில், திருநெல்வேலி ரோட்டின் ஓரம். முதலாளி சங்கரபாண்டியன் சாப்பிடப் போய்விட்டார். புழுதி வரும் என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்ததால் நண்பகலிலும் உள்ளே ட்யூப்லைட் எரிந்தது. வெளியே உப்பு லாரிகள் போகும்போதெல்லாம் ஷட்டர் அதிர்ந்து அடங்கியது. கிளம்பும்போது முதலாளி கேட்டுவிட்டுப் போனார். “ஏலே ரெக்சா, ஒன் மச்சான் வண்டிதானல? பெறவு என்னத்துக்குப் பாகற்காயத் தின்ன மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?”

மச்சான் வண்டிதான். தங்கை ரீனாவின் புருஷன் ஜெபின் சங்குகுளித்து வாங்கிய வண்டி. வெள்ளை நிறம், கண்ணாடியில் தொங்கும் செபமாலை, பின்சீட்டில் குழந்தை சிந்திய மிக்சர். எல்லாவற்றையும் ரெக்சன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் ஒரு காலத்தில் சங்குகுளித்தவன். காதின் சவ்வு கிழிந்தபின் கடலின் அடி அவனுக்கு இல்லையென்று ஆயிற்று. அவன் தடவித் தடவிப் பழகிய அதே பாரில், அந்தக் கடலடிப் பாறைத்திட்டில், ஜெபின் இன்று சொந்தக் கொல்லையில் பறிப்பதுபோலச் சங்கெடுக்கிறான். குசினியில் அம்மா மீன் பொரித்தால் நடுத்துண்டு ஜெபினின் தட்டுக்குப் போகிறது. தங்கை மகள் ரெக்சனின் கையை விலக்கிவிட்டு அப்பாவிடம் ஓடுகிறாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெபின் நல்லவனாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. மறக்காமல் காதுக்கு மருந்து வாங்கிவந்து கையில் கொடுப்பான். அதை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் ரெக்சனுக்குள் ஏதோ ஒன்று புளித்தது.

கீழவைப்பாரில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. கம்ப்ரஸர் காற்றின் குழாயைக் கடித்துக்கொண்டு கீழே இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு, அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியைப் பிடித்திருப்பவன் கண்ணயர மாட்டான் என்ற நம்பிக்கை. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால், நலம். விடாமல் இழுத்தால், தூக்கு. ஜெபின் சங்குகுளிக்கும் நாட்களில் ரெக்சன் ஒர்க்‌ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டுப் படகில் போய்விடுவான்.

நேற்று வண்டியைக் கொண்டுவந்து விட்டபோதும் ஜெபின் அதைத்தான் கேட்டான்.

“நாளைக்குத் தண்ணி தெளிவா இருக்கும் மச்சான். விடியக்காலம் வந்துருவேல்லா?”

“ஒன் வண்டி வேலதான் கெடக்கு. கயித்தச் சொரிமுத்துட்ட குடு.”

சொரிமுத்து படகில் கூலிக்கு வருகிறவன். ஜெபின் சிரித்தான். “வண்டி எங்க ஓடிப்போவுது? நீ மேல இல்லன்னா எனக்குக் கீழ கை ஓடாது மச்சான்.”

“ஓடும். ஒனக்கு எல்லாம் ஓடும்.”

ஜெபின் வண்டிச் சாவியை அவன் கையில் வைத்தான். பிறகு தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

ரெக்சன் மறுபடி பட்டனை அழுத்தினான். இம்முறை திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக ஸ்டீயரிங்கையே பார்த்தான்.

அது அசைந்தது. எஞ்சின் நடுக்கத்தில் அசைவதுபோல இல்லை. இடப்பக்கம் ஒரு வெட்டு. இடைவெளி. மறுபடி ஒரு வெட்டு. செபமாலை அசையாமல் தொங்கியது. எங்கிருந்தோ ஈரப் பாசியின் வாடை வந்தது, அதன்கீழே சங்குச் சதை அழுகும் வாடை. கடல் அங்கிருந்து வெகுதூரம். கிரீஸும் டயரும் தவிர வேறெதுவும் அந்த ஷெட்டில் என்றும் மணத்ததில்லை.

கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்தான். உள்ளங்கையில் இழுப்பு வந்தது. அவனுக்கு அது தெரியும். உலகத்தில் வேறெதையும்விட நன்றாகத் தெரியும். பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது.

விடாத இழுப்பு.

போனை எடுத்தான். பார் கரைக்குப் பக்கம்தான், படகில் டவர் கிடைக்கும். ‘கயித்தப் பாரு’ என்று சொரிமுத்துவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு உயிரைக் காக்க ஆண்டவர் மனிதனிடம் பெரும்பாலும் அதற்குமேல் கேட்பதில்லை. ஆனால் போனைத் திறந்ததும் ரீனா அனுப்பிய படம் வந்து நின்றது. கோயில் வாசலில் இந்த வண்டிக்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார். அம்மா ஜெபினின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மகன் ரெக்சனுடைய தோள் மட்டும் படத்தின் ஓரத்தில் இருந்தது. முகம் வெட்டுப்பட்டிருந்தது.

கேலி செய்வான்கள், என்று சொல்லிக்கொண்டான். வண்டி ஸ்டீயரிங் இழுக்குதாம், கயித்தப் பாக்கணுமாம். நல்லாயிருக்கும். கொஞ்ச நேரம் போகட்டும். ஒருநாளாவது அவனுக்குக் கொஞ்சம் மூச்சுத் திணறட்டும்.

அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவனே திடுக்கிட்டான். ஆனால் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டான்.

ஸ்டீயரிங் அசையாமல் இருக்க, அதற்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பி ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தான். வளையத்தில் கொக்கியை மாட்டி, மறுமுனையைச் சீட்டில் ஊன்றி, திருகை இறுக்கினான். கதவைச் சாத்தினான். பட்டனை அழுத்தினான்.

பச்சைக் கோடு நகர்ந்தது.

கம்பி முனகியது. சீட்டின் மெத்தை பள்ளமாக அழுந்தியது. விட்டது. அழுந்தியது. லாரி ஒன்று போனது. அது போன பிறகும் முனகல் கேட்டது. ரெக்சன் திரையை மட்டும் பார்த்தான். அழுந்தியது. விட்டது. இடைவெளி நீண்டது. மறுபடி, மெதுவாக. குழந்தை விரலைப் பிடித்து இழுப்பதுபோல.

பிறகு இல்லை.

பச்சைக் கோடு நிறைந்தது. வேலை முடிந்தது என்றது திரை. கோணம் பூச்சியம். துளியும் அசையாத பூச்சியம்.

அந்த அமைதியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கதவைப் பிடுங்கித் திறந்து, கம்பியைக் கழற்றி எறிந்து, டிரைவர் சீட்டில் விழுந்து வளையத்தைப் பற்றினான்.

“மச்சான்,” என்றான். “நான்தான். மேல நான்தான் இருக்கேன்.”

பதில் இழுப்பு இல்லை. ஆனால் கனம் இருந்தது. தண்ணீரில் ஊறிய, தானாக உதவாத கனம்.

சுற்றினான். ஒரு கைக்கு மேல் மறு கை வைத்து, படகின் விளிம்பில் நின்று இழுப்பதுபோலவே. வளையம் ஒரு முழுச் சுற்று வந்தது. இன்னொன்று. அங்கே முட்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வளையம் வந்துகொண்டே இருந்தது. கைகள் நனைந்தன. உதட்டில் உப்பு.

மேசையில் கவிழ்ந்திருந்த போன் அதிரத் தொடங்கியது. எடுக்க முடியாது. விட்டால் மறுபடி கீழே போய்விடும். ரீனாவாகத்தான் இருக்கும். எடுக்க முடியாது. மாதாவே. இன்னும் கொஞ்சம். மாதாவே.

சுற்றினான்.

கனம் கிட்டே வந்தது.

அவன் காலடியில், வண்டியின் தரைக்குக் கீழிருந்து ஏதோ தட்டியது. ஒருமுறை. ரப்பர் மேட் நனைந்து கறுத்தது. அதன் நடுவில் ஒரு மேடு மெல்ல எழும்பியது. ஐந்து விரல்களாக விரிந்தது. பிடி தேடி அங்குமிங்கும் தடவி, அவன் பாதத்தைக் கண்டுகொண்டது.