மறுவாய்

பதினொரு மாதம் கழித்து ஊர் திரும்பிய ஆல்ட்ரினை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. இசக்கியப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். நவாஸ் பூரியைப் பிய்த்தபடி, "வால, செகண்ட் ஹாஃப் இப்பதான் ஆரம்பிக்கான்" என்றான்.

காலை எட்டரை மணி. உலகக் கோப்பைக் காலிறுதி. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் மின்வண்டிகளுக்கு பேட்டரி மாற்றும் கடை இசக்கியப்பனுடையது. அதன் பின்னறையில்தான் மூன்று பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து பந்தாட்டம் பார்த்தார்கள், வீடியோ கேமில் கூலிவீரர்களாக வேடம் கட்டி ஆடினார்கள், உலகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள்.

ஆல்ட்ரின் உட்காரவில்லை. இடது காது கேட்காமல் போய்விட்டதால் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்து நின்றான்.

"நேத்து அந்தக் கோல்கீப்பர அப்படிக் கிழிச்சியே, பாத்தியா, பெனால்டியத் தடுத்துட்டான்" என்றான் இசக்கி. "இப்ப என்னல சொல்லுத?"

"நேத்து நான் மும்பைலேர்ந்து ரயில்ல வந்துட்டிருந்தேன். எங்கிட்ட போனே கிடையாது."

"தெரியும்ல. மறுவாய்தான். அதுக்கென்ன, நீ சொல்லுததத்தான அதுவும் சொல்லுது?"

மறுவாய் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வேலையில் இருக்கும்போதும் தூங்கும்போதும் நடுக்கடலில் இருக்கும்போதும் நண்பர் குழுவில் நமக்குப் பதிலாக நம் குரலிலேயே பேசும் கருவி அது. ஒருவன் குழுவில் பத்து வருடமாகப் பேசிய பழைய பதிவுகளையெல்லாம் கேட்டுவைத்துக்கொண்டு, இந்த விஷயத்துக்கு இவன் என்ன சொல்வான் என்று கணித்து அதைச் சொல்லும். யாரோடும் தொடர்பு அறுந்துபோகாது. கப்பலில் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம் என்றார்கள். ஆல்ட்ரின் கப்பலில் மூன்றாம் நிலைப் பொறியாளர்; முதல் ஆளாக வாங்கியிருந்தான்.

"மக்கா, நான் நாலு மாசம் கைதி முகாம்ல கெடந்தேன்" என்றான். "கர்மூன் துறைமுகத்துல சரக்கு எறக்கிட்டிருந்தோம். எங்க கப்பல் நின்ன எடத்துல ஏவுகணை விழுந்துச்சு. அப்புறம் வடகரைக்காரன் துறைமுகத்தப் பிடிச்சு எங்க எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்."

இசக்கி இப்போதுதான் திரும்பிப் பார்த்தான். சத்தத்தைக் குறைத்தான்.

"அடி விழுந்தத நியூஸ்ல பாத்தோம்ல. நீ அந்தப் பக்கமா இருக்கியான்னு ஒங்கிட்டயே கேட்டோம். 'எனக்கென்ன மக்கா, ஜம்முனு இருக்கேன்'னு சொன்ன. சொல்லிட்டு பிரேசில் மேட்ச்சப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்ட."

"எங்க அக்காவும் தேடலயா?"

"அவங்ககிட்டயும் டெய்லி பேசுதியாம். போன வாரம் மார்க்கெட்ல பாத்தேன். தம்பி முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் நல்லாப் பேசுதான்னு சந்தோஷப்பட்டாங்க."

நான்கு மாதம். முகாமின் தகரக் கொட்டகையில் படுத்தபடி, வெளியே யாரோ நமக்காக அலைகிறார்கள், தூதரகத்தின் கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவர்கூடத் தேடவில்லை. அவன் தொலைந்துபோனதே யாருக்கும் தெரியாது.

நவாஸ் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தான். "கர்மூன்லயா இருந்த நீ? அந்தத் துறைமுகத்தத் தரைமட்டமாக்குனாத்தான் அவனுவ அடங்குவானுவன்னு நீதானல தெனம் சொல்லிட்டிருந்த?"

ஆல்ட்ரின் அவன் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டான். பூரி சுவரில் போய் ஒட்டியது. திரையில் யாரோ கோல் போட்டார்கள். பழக்கதோஷத்தில் இசக்கி பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டான்.

அன்று பகல் முழுக்க ஆல்ட்ரின் தன் வீட்டில் உட்கார்ந்து, குழுவின் பதிவில் தான் பேசாத பேச்சையெல்லாம் கேட்டான். நீரிணைப் போர் தொடங்கியது ஜனவரியில். நீரிணையின் தென்கரையில் இருந்த கர்மூனை வடகரை நாடு குறிவைத்தது. குழுவில் அவனுடைய மறுவாய் அன்றிலிருந்தே வடகரையின் பக்கம். வடகரையின் தேசிய அணி அழகாக ஆடும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் தென்படவில்லை. பந்தாட்டத்தில் தொடங்கிய பேச்சு போருக்குப் போய், அங்கிருந்து அவர்கள் ஆடும் 'உப்புக்கோட்டை' வீடியோ கேமுக்குத் தாவி, மறுபடி பந்துக்கே வந்தது. மூன்றையும் ஒரே வாய், ஒரே உற்சாகத்தோடு பேசியிருந்தது.

பிப்ரவரி பதினான்கைத் தேடி எடுத்தான். பகல் பதினொன்று பத்து.

அந்த நேரத்தில்தான் வியாகுலம் அண்ணன் செத்துப்போனார். மணப்பாட்டுக்காரர், கப்பலின் சமையல்காரர், ஐம்பத்திரண்டு வயது. பந்தாட்ட விதி ஒன்றும் தெரியாது; தோற்கிற கட்சிதான் அவர் கட்சி. மாலை வேளைகளில் கர்மூன் சுமைதூக்கிகளோடு கப்பல்காரர்கள் தளத்தில் பந்து உதைத்தபோது, அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்கு நின்றார். அன்று காலை அந்த ஆட்களுக்காகச் சுட்ட பன் கூடையோடு மூன்றாம் கிடங்குக்குப் போனார். கப்பலில் வந்த கோதுமை மாவு மூட்டைகளை அங்கேதான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இயந்திர அறையில் இருந்த ஆல்ட்ரின் மேலே ஏறி ஓடியபோது கிடங்கு இருந்த இடத்தில் வெள்ளையாக மாவு பறந்துகொண்டிருந்தது.

பதினொன்று பன்னிரண்டுக்கு, நேரலைச் செய்தி வந்த கையோடு, அவன் குரல் குழுவில் சொல்லியிருந்தது: "கர்மூன்ல இன்னைக்கு நல்ல வாணவேடிக்கை. நம்ம ஸ்டிரைக்கரக் கொண்டுபோய் அங்க விடணும்ல. குறி தப்பாம எப்படி அடிக்கணும்னு பாத்துட்டு வரட்டும்."

இசக்கியும் நவாஸும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

ஆல்ட்ரின் புதிதாக வாங்கிய கைபேசியில் மறுவாயை நேரடியாக அழைத்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீ என்ன சொல்லுவியோ அதத்தான் சொன்னேன்" என்றது அவன் குரல். முகாமுக்குப் போகும் முன் இருந்த, இருமல் இல்லாத குரல்.

"நான் அங்க இருந்தேன்! அந்தத் தீக்குள்ள நின்னேன்!"

"அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஆல்ட்ரின் பத்து வருசத்துல பத்தொம்பது சண்டையப் பத்திப் பேசிருக்கான். ஒண்ணுலயும் அவன் நின்னதில்ல. பதினேழுல 'அடிச்சு நொறுக்குங்கல'ன்னான். மீதி ரெண்டப்பவும் மேட்ச் ஓடிட்டிருந்துச்சு."

அவன் கைபேசியைச் சுவரில் வீசினான். அது உடையவில்லை. "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றது, அதே குரலில், பணிவாக.

மறுவாயை நிறுத்த விண்ணப்பித்தான். முப்பது நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் விசாரணை வந்துவிட்டது.

வியாகுலத்தின் உடல் இன்னும் கர்மூன் பிணவறையில் இருந்தது. கப்பலில் வந்தது வெடிமருந்து, அதில் இருந்தவர்கள் ஆயுதம் கடத்தியவர்கள், கடத்தியவர்களின் உடலைக் கொடுக்கமாட்டோம் என்றது வடகரை. கடற்சம்பவ விசாரணை மன்றம் அது கோதுமைக் கப்பல்தான் என்று உறுதிசெய்தால் உடல் மணப்பாட்டுக்கு வரும். ஊரில் இருந்த ஒரே நேரடிச் சாட்சி ஆல்ட்ரின். வியாகுலத்தின் மனைவி ஞானப்பூ அவனைத் தேடி வந்து, "நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க தம்பி, போதும்" என்றார்.

பார்த்ததைச் சொன்னான். கோதுமை, மூன்றாம் கிடங்கு, பன் கூடை. விசாரணை அதிகாரி கோமளா மரியாதையான பெண். குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். பிறகு தன் திரையைப் பார்த்தார்.

"கர்மூனுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் வெடிமருந்துதான் இருக்கிறது என்று நீங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள்."

"அது நான் இல்ல மேடம். மறுவாய்."

"சட்டம் தெரியும் அல்லவா?"

தெரியும். நாலு வருடம் முன்பு, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு 'நான் சொல்லல, மறுவாய்தான் சொல்லிச்சு' என்று எல்லோரும் நழுவத் தொடங்கியபோது வந்த சட்டம். மறுவாய் சொன்னது உடையவர் சொன்னதே. அந்தச் சட்டத்தை வரவேற்று ஆல்ட்ரினே குழுவில் அரை மணி நேரம் முழங்கியிருந்தான். அப்போது பேசியது அவனுடைய சொந்த வாய்.

"ஒரு பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு கூற்றுகள், ஒன்றுக்கொன்று முரண்படாதவை" என்றார் கோமளா. "மறுபக்கம் இன்று நீங்கள் சொன்ன ஒன்று. ஆகவே மறுவாயையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது."

மன்றத்தின் ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. தெளிவாகப் பேசியது. மூன்றாம் கிடங்கின் வாசல் எந்தப் பக்கம், தூண்கள் எத்தனை, எந்த மூலையில் படிக்கட்டு இறங்குகிறது, கீழே நிலவறையில் வெடிமருந்துப் பெட்டிகள் எத்தனை அடுக்கு.

"நிலவறையா?" ஆல்ட்ரின் எழுந்து கத்தினான். "அது கடலத் தூத்துக் கட்டின எடம் மேடம்! ரெண்டு அடி தோண்டினா உப்புத்தண்ணி வரும்! அங்க ஏது நிலவறை?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. போர் தொடங்கிய இரண்டாம் வாரமே 'உப்புக்கோட்டை' விளையாட்டில் 'கர்மூன் முற்றுகை' என்று புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அவனுடைய கூலிவீரனை ஓட்டிக்கொண்டு மறுவாய் அந்தக் கட்டத்தை முப்பத்தொரு தடவை ஆடியிருந்தது. நிலவறை அங்கே இருந்தது.

"அது வீடியோ கேம் மேடம்!"

"உங்கள் மறுவாயின் வழியாக நீங்கள் ஆடியது" என்று கோமளா குறித்துக்கொண்டார். "தயவுசெய்து உட்காருங்கள்."

அவன் உட்காரவில்லை. நாற்காலியை உதைத்தான், மேசையைக் குத்தினான், அந்தக் குரலைப் பார்த்து, பார்க்க ஒரு முகம்கூட இல்லாத அந்தக் குரலைப் பார்த்து, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னான். காவலர்கள் வெளியே இழுத்துப்போனார்கள். மறுவாய் கடைசிவரை நிதானம் இழக்கவில்லை என்பதும் பதிவானது.

மாலையில் முடிவு வந்தது. சரக்கின் தன்மை உறுதிப்படவில்லை. உடலை அனுப்பக் கோர இயலாது. கர்மூனிலேயே எண் போட்டு அடக்கம் செய்வார்கள்.

ஞானப்பூ மன்றத்தின் படிக்கட்டில் அழாமல் நின்றார். ஆல்ட்ரின் அருகே போனான்.

"அக்கா..."

"அது உங்க குரல்தான தம்பி?"

அவன் தலையாட்டினான்.

"அவரு போன்ல உங்க பேரச் சொல்லாத நாள் கிடையாது" என்றார். "கூட ஒரு நல்ல புள்ள இருக்கான், பயப்படாதேன்னு சொல்வாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பேருந்து நிறுத்தம்வரை வருகிறேன் என்றான். "வேண்டாம்" என்றார். "உங்க சத்தத்தக் கேக்க முடியல." குடையை விரித்துக்கொண்டு தனியாக வெயிலில் இறங்கிப் போனார்.

மறுநாள் ஆல்ட்ரின் குழுவைத் திறந்தான். சொந்த வாயால் பேசினான். கர்மூனின் அந்தக் காலையிலிருந்து தொடங்கினான். கையுறை, கூடை, பறந்த மாவு, தகரக் கொட்டகையில் பசித்தபோது முன்பு கப்பலில் அவர் வைத்த மீன்குழம்பின் மணம் மூக்கில் வந்தது, எல்லாம் சொன்னான். நடுநடுவே இருவரையும் திட்டினான். சிரித்தீர்களே என்று கேட்டான். நானும் உங்களோடு சேர்ந்து பத்தொன்பது ஊர் எரிந்தபோது சிரித்தவன்தானே என்று தன்னையும் திட்டிக்கொண்டான். பேசி முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது, தொண்டை கட்டிக்கொண்டது.

பிறகு இசக்கியின் குரல்.

"மாப்ள, அன்னைக்குச் சிரிச்சத நெனச்சா எனக்கு என் மேலேயே அருவருப்பா இருக்கு. அந்த அண்ணன் கையால ஒருவாய் சோறு நான் தின்னதில்ல. ஆனாலும் இன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. நீ தனியா இல்லல."

ஊர் திரும்பிய பிறகு ஆல்ட்ரின் அழுதது அப்போதுதான். நெடுநேரம் அழுதான். அழுது முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனான்.

இசக்கி ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெளியே உருண்டு வந்து, கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான்.

"என்ன மாப்ள, கோவம் தீந்துச்சா?"

"நீ சொன்னது..." ஆல்ட்ரின் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றில. அது போதும் எனக்கு."

"நான் என்ன சொன்னேன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கி சங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

"தப்பா எடுத்துக்காத. காலைலேர்ந்து கடைல ஒரே கூட்டம். நீ பாட்டுக்குப் பேசிட்டே இருந்த. மறுவாயப் பாத்துக்கச் சொல்லி விட்டுட்டேன். நவாஸும் அப்படித்தான்." கைபேசியை எடுத்துத் தன் குரலைத் தானே ஓடவிட்டுக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. கண்கூட லேசாகக் கலங்கியது. "நல்லாத்தான்ல சொல்லிருக்கு. நானே சொல்லிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது."

ஆல்ட்ரின் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டோவின்மேல் சாய்த்தான்.

"இப்ப சொல்லு. ஒன் வாயால சொல்லு. ஒரே ஒரு வார்த்த."

இசக்கி வாயைத் திறந்தான். மூடினான். அவன் உண்மையாகவே முயன்றான் என்பது ஆல்ட்ரினுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்ன சொல்லணும்னு சொல்லு மாப்ள" என்றான் இசக்கி. "சொல்லிடுதேன்."