கம்பம் வரைக்கும் சீட்டு

பவுனு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பவுனம்மாள் என்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ வம்பு வருகிறது என்று ஓடிவிடுவாள். வயது பத்து. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுதான் அவளுடைய ஊர். டச்சுக்காரர்கள் என்னும் ஒல்லாந்துக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, கொடியேற்றி, துணி மூட்டைகளைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யார் எப்படிப் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசிக் காட்டுவாள். கோட்டையில் ஒரு துபாசி இருந்தார். வெள்ளைக்காரர் பேசுவதைத் தமிழிலும், தமிழில் பேசுவதை அவர்கள் பாஷையிலும் சொல்லுகிறவர். அவர் மூக்கால் பேசுவார். பவுனு அவரைப் போலப் பேசினால் தெருவே சிரிக்கும். அம்மா லோகநாயகி மட்டும் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

ஆனால் மூன்று நாளாக அந்த வீட்டில் சிரிப்பும் இல்லை, குட்டும் இல்லை. நடந்ததைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் கதை நகராதே, என்ன செய்வது!

பவுனுவின் அண்ணன் தாமோதரனுக்குப் பதினெட்டு வயது. இரண்டு வருஷமாக ஏரியில் மீன் சரியாகப் படவில்லை. வலையை இழுத்தால் பாசியும் நண்டும்தான் வந்தன. "நான் கப்பல்ல வேலைக்குப் போறேன், பட்டாவியாவுக்கு" என்று ஒருநாள் துறையில் நின்று சொன்னான். பட்டாவியா என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், எத்தனையோ நாள் பயணம். அப்பா கோதண்டம் வேண்டாம் என்றார். அவன் போவேன் என்றான். பேச்சு வளர்ந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கோதண்டம் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டார்.

தாமோதரன் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே கோட்டைக்குப் போய்விட்டான். சாப்பிடவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் லோகநாயகி கோட்டை வாசலுக்குப் போய் அழுது பார்த்தாள். கப்பலுக்குப் பெயர் கொடுத்தவர்களை வெளியே விடமாட்டோம், வெளி ஆட்களை உள்ளேயும் விடமாட்டோம் என்று காவல்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோதண்டம் வீட்டு மூலையில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிய்ந்த இடத்தைப் பின்னாமல் நல்ல இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தார். அவர் மனசு அங்கே இல்லை என்பது பவுனுவுக்குக்கூடத் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில், கோட்டைப் பக்கம் மீன் விற்கப் போகும் வேலம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கப்பல் இன்றைக்கே புறப்படுகிறதாம். கப்பல் கடலில் தூரத்தில் நிற்கிறது. ஆட்களையும் பீப்பாய்களையும் சலங்கு என்னும் பெரிய படகுகளில் ஏற்றி, முகத்துவாரம் வழியாகக் கொண்டுபோகிறார்களாம். தாமோதரன் கடைசிச் சலங்கில் போகிறானாம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பதால், உச்சிவேளையில் கடல் பொங்கி வெள்ளம் ஏறும் வரைக்கும் சலங்குகள் அங்கே காத்து நிற்கும் என்றும் சொன்னாள்.

லோகநாயகி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நைனா, படகை எடு. போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள் பவுனு.

கோதண்டம் முடியாது என்று தலையை ஆட்டினார். "நம்ம சீட்டு வேணாட்டுக்கு. முகத்துவாரத்துக்கு இல்ல. புடிச்சா படகு போய்டும்."

அவர் பயத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அந்த வருஷம் ஒல்லாந்துக்காரர்களுக்கும் வேறு கப்பல்காரர்களுக்கும் கடலில் சண்டை. அதனால் ஏரியில் ஓடும் ஒவ்வொரு படகுக்கும் கோட்டையில் சீட்டு வாங்க வேண்டும் என்று உத்தரவு. அரக்கு முத்திரை வைத்த காகிதச் சீட்டு. எல்லாரும் அதை மூங்கில் குழாயில் போட்டுப் படகிலேயே கட்டி வைத்திருந்தார்கள். சீட்டுக்கு மாறாகப் போனால் படகைப் பிடுங்கிக்கொள்வார்கள். படகு போனால் சோறு போச்சு.

ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தோணிரேவில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பாடு முறை. இன்றைக்கு இந்த ஓடையில் இந்தக் கூட்டம் வலை கட்டலாம், நாளைக்கு அந்த ஓடையில் அந்தக் கூட்டம் கட்டலாம் என்று ஊர் கூடிக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. அடுத்தவர் பாடு இருக்கும் ஓடையில் படகை நுழைத்தால் பெரிய குற்றம். கோட்டைச் சீட்டையும் அவர்கள் அப்படியே நினைத்துவிட்டார்கள். ஏரியின் வடக்கே இருக்கும் தீவான வேணாட்டின் பெயரைத் துபாசி வாசித்தது காதில் விழுந்ததும், நம் பாடு வேணாட்டு ஓடை, மற்ற ஓடை நமக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆறு மாதமாக எல்லாரும் வடக்கே வேணாட்டு ஓடையில் மட்டும்தான் போனார்கள். எதிர்க்கரையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போக வேணாட்டைச் சுற்றிக்கொண்டு போய், விருந்து முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த புண்ணியவான்களும் உண்டு.

பவுனு அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சீட்டு வாங்கிய அன்றைக்கு அவளும் கூடப் போயிருந்தாள். துபாசி மூன்று தரம் வாசித்துக் காட்டினார். பெரியவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதோடு காதை மூடிக்கொண்டார்கள். இவள்தான் அவர் குரல் வேடிக்கையாக இருக்கிறதே என்று ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல வழி எதுன்னு போடல நைனா" என்றாள். "எல்லைதான் போட்டுக்குது. வடக்கே வேணாடு வரைக்கும், கிழக்கே முகத்துவாரத்துக் கம்பம் வரைக்கும். நடுவுல எப்படி வேணா போலாம்."

கோதண்டம் நம்பவில்லை. ஒரு பாடு என்றால் ஒரு ஓடைதான் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர் அவர். நீ சின்னப் பிள்ளை, எதையாவது மாற்றிச் சொல்லுவாய் என்றார். பவுனுவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பேச்சு வராது என்று அடக்கிக்கொண்டாள்.

"இது பாடு இல்ல நைனா. பாடு நம்ம ஊரு போட்டது. இது கோட்டையில போட்டது. ரெண்டும் ஒண்ணா எப்படி இருக்கும்? அண்ணன் போய்ட்டா நாளைக்குச் சீட்டை வெச்சிக்கினு இன்னா பண்ணுவே?"

பிறகு லோகநாயகி எழுந்து படகுக் கோலை எடுத்து வாசலில் வைத்தாள். கோதண்டம் அதைப் பார்த்தார். வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்று பேரும் படகில் ஏறினார்கள். கோதண்டம் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் படகைக் கிழக்கே திருப்பினார். திருடப் போகிறவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே கோலை ஊன்றினார்.

முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிந்தது. கொடி கட்டிய கம்பமும் தெரிந்தது. அதே நேரம் காவல் படகும் அவர்களைப் பார்த்துவிட்டது. அதில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும், பெரியசாமி என்ற நம் ஊர்ச் சேவகரும் இருந்தார்கள். பெரியசாமிக்குத் தோணிரேவுப் படகுகளை நன்றாகத் தெரியும்.

"வேணாட்டுப் படகுக்கு இங்க இன்னா வேலை?" என்று கேட்டார்.

கோதண்டம் மூங்கில் குழாயின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். லோகநாயகி கும்பிட்டபடி உட்கார்ந்துவிட்டாள். சிப்பாய் எட்டி அவர்கள் படகின் விளிம்பைப் பிடித்தான்.

பவுனு எழுந்து நின்றாள். சீட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு தொல்லை. துபாசியின் குரலோடு சேர்த்து மனப்பாடம் செய்ததால், அந்தக் குரலில் சொன்னால்தான் அவளுக்கு வார்த்தை வரும். வேறு வழியில்லை என்று மூக்காலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"தோணிரேவுக் கோதண்டம் படகு ஒன்று. ஆள் நாலு வரையில். வடக்கே வேணாடும் கிழக்கே முகத்துவாரத்துக் கம்பமும் எல்லையாக, ஏரிக்குள் எந்த வழியிலும் போகவும் நிற்கவும் உத்தரவு. கம்பத்தைத் தாண்டலாகாது. பொழுது சாயுமுன் திரும்ப வேண்டியது."

பெரியசாமியின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயிலிருந்து சீட்டை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தார். வாசித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பவுனுவுக்கு அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது.

"பொண்ணு சொல்றது சரிதான்" என்றார் கடைசியில். "ஆறு மாசமா உங்களை யாருய்யா சுத்திப் போகச் சொன்னது?"

சிப்பாயிடம் ஏதோ சைகை காட்டினார். சிப்பாய் கம்பத்தைக் காட்டி, அதற்கு மேல் கூடாது என்று விரலை ஆட்டினான். பிறகு படகை விட்டுவிட்டான். கோதண்டம் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து இருந்தன.

கம்பத்துக்கு இந்தப் பக்கம் கடைசிச் சலங்கு வெள்ளத்துக்காகக் காத்து நின்றது. பீப்பாய்களுக்கு நடுவில் தாமோதரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாளில் முகம் சிறுத்திருந்தது. முதலில் அவர்களைப் பார்த்து நம்பவில்லை. அப்புறம் சலங்கிலிருந்து குதித்தே விட்டான். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

கோதண்டமும் இறங்கினார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"அடிச்சிருக்கக் கூடாதுடா" என்றார் கோதண்டம். "ஊரு பாக்க அடிச்சிட்டேன். அன்னையிலருந்து இந்தக் கை எனக்கு வேணாம்னு இருக்குது."

தாமோதரன் அழுதுவிட்டான். "நானும் சொல்லிக்காம வந்துட்டேன் நைனா."

காலில் விழத் தண்ணீர் இடம் தரவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையோடு முங்கி, தண்ணீருக்கடியில் அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு எழுந்தான். எந்தக் கையால் அறைந்தாரோ, அதே கையை அவன் ஈரத் தலையில் வைத்து, "நல்லா இரு" என்றார் கோதண்டம். லோகநாயகி படகிலிருந்தபடியே அவன் முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது.

"எப்ப வருவே?" என்று கேட்டாள் பவுனு.

"ரெண்டு மாரி கழிச்சு."

"உன் சீட்டுல அப்படிப் போட்டுக்குதா?"

தாமோதரன் விழித்தான். கப்பல் வேலைக்கான சீட்டை வாசித்துக் காட்டினார்கள், பட்டாவியா என்பது மட்டும் காதில் விழுந்தது என்றான். பவுனுவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஊர்ப் பேரை மட்டும் கேட்டுக்கொள்கிற புத்தி இந்த வீட்டுக்கு எங்கிருந்துதான் வந்தது என்று அவனைத் திட்டினாள். கப்பலில் ஏறியதும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேள், திரும்பி வரும் வழியும் அதில் இருக்கிறதா பார் என்று சொன்னாள். திட்டிக்கொண்டே அழுதாள். அவன் கேட்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

வெள்ளம் ஏறியது. பெயர் கொடுத்தவன் போய்த்தான் ஆக வேண்டும் என்று சலங்குக்காரர்கள் கூப்பிட்டார்கள். தாமோதரன் ஏறிக்கொண்டான். கோதண்டம் சலங்கின் விளிம்பைப் பிடித்தபடி கம்பம் வரைக்கும் தண்ணீரில் கூடவே நடந்தார். கம்பத்துக்கு வந்ததும் கையை விட்டார். சலங்கு அலையில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அது கப்பலோடு சேர்ந்து ஒரு புள்ளியாகும் வரை மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள். பெரியசாமி தூரத்தில் காவல் படகை நிறுத்தி, அவர்களை அவசரப்படுத்தாமல் இருந்தார்.

தாமோதரன் திரும்பி வந்தானா என்று கேட்பீர்கள். இரண்டு மாரிக்காலம் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. கப்பல்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் பவுனு அப்பாவோடு கம்பம் வரைக்கும் போய்ப் பார்த்தாள். அவன் எதிலும் வரவில்லை. அந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லை. அந்த வீட்டில் அழுகை ஓய வெகு காலம் பிடித்தது.

ஊரில் யாராவது கோதண்டத்திடம் மகனைப் பற்றிக் கேட்டால், அடித்துத் துரத்திவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "என் புள்ள என் காலைத் தொட்டு, சொல்லிக்கினுதான் போனான்" என்பார். பிறகு பவுனுவைக் காட்டி, "இவதான் என்னைக் கூட்டிக்கினு போனா" என்பார்.