கிளமெண்ட் அண்ணன் தட்டிப் பார்த்த வண்டி

மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் என் ஷெட்டுக்குள் எலைன் அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நசுங்கிய பின்பக்கத்தை நிமிர்த்தியிருந்தார்கள். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"கௌதம், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வண்டி தானா நின்னுச்சா? அவரு குடிச்சிட்டு நடுரோட்ல நிறுத்திட்டாருன்னு சர்ச்ல பேசுறாங்க."

விபத்தில் இறந்துபோன அவர் கணவர் கிளமெண்ட் அண்ணன், அதற்கு முன் இதே காரை மூன்று முறை என்னிடம் கொண்டுவந்தார். ஓடும்போதே என்ஜின் அணைகிறது என்றார். ஷெட்டில் ஒரு தடவைகூட அணையவில்லை. ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீட்டை, காரணம் தேடாமல் அழித்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் கீதுண்ணா, கிளட்ச் மிதிக்கிற உங்க காலுதான் சரியில்ல" என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். பானெட்டில் மூன்று தட்டு தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த அவர் அப்பா, தலைக்கு மேலே இருக்கும் பாறை கெட்டியா என்று அப்படித் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே போவாராம்.

பங்காருபேட்டை ரோட்டில் கார் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

இப்போது என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு வயராக அசைத்தேன். அன்று செய்யாத வேலை. என்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரின் வயரை வளைத்ததும் என்ஜின் செத்தது. இரும்புப் பட்டையில் உரசித் தேய்ந்து, செம்பு ஒரே இழையில் நின்றது. சூடேறினால் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

அக்கா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். தேய்ந்த இடத்தை வெட்டி, புது வயர் சேர்த்து, டேப் சுற்றி, பானெட்டை மூடினேன்.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா."

"அப்போ ஜனங்க சொல்றது நிஜம்தானா?"

நான் சாவியை நீட்டினேன்.

அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். என்ஜின் சீராக ஓடியது.

அணைந்தது.

தட். தட். தட்.

மூடிய பானெட்டுக்கு உள்ளிருந்து.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "திரும்பச் சொல்லு. வண்டில இன்னா இருந்துச்சு?"

பானெட்டைத் திறந்தேன். நான் சுற்றிய டேப் இல்லை. அதே பழைய வயர். அதே ஒற்றை இழை, ஆடிக்கொண்டிருந்தது.

சொன்னேன். மூன்று தடவையையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. சாவியை மேஜையில் வைத்தார். "நீயே வச்சுக்கோ. அவருக்கு உங்கிட்ட இன்னும் பேச்சு கீது போல." நடந்தே போனார்.

பாட்டரியைக் கழற்றி ஆறு வாரம் ஆகிறது. இப்போதும், யாருடைய வண்டியையாவது பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தால், மூலையில் நிற்கும் அந்தக் காரிலிருந்து வருகிறது.

தட். தட். தட்.

பிறகு, யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல ஓர் அமைதி.