ஒன்பதாம் நோட்டின் பசை

நேற்றுச் சாயங்காலம் ஒட்டி வைத்த தாள்கள் இன்று காலை பிரிந்து கிடந்தன.

பிபாஷ் சர்கேல் நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய தாளைப் பிரித்தால் நார் எழும்பும், காய்ந்த பசை பொருக்குப் பொருக்காக நிற்கும், இரண்டு எழுத்தாவது சிதையும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பசை இருந்த இடமே தெரியாமல், வழித்துச் சாப்பிட்ட தட்டைப் போல் தாள் சுத்தமாக இருந்தது. விரலால் தடவினார். லேசான ஈரம். ஆவணியை ஒட்டி வரும் பாத்ரா மாதத்தில் மூன்று நாளாக விடாமல் மழை கொட்டினால் ஈரமில்லாத பொருள் வங்காளத்தில் எது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மழை விட்டால் அடிக்கும் பாத்ரா மாத வெயிலில்தான் அவர்கள் ஊரான பாலிதீகியில் எல்லா வீட்டிலும் புத்தகங்களையும் பட்டுப் புடவைகளையும் காயப்போடுவார்கள். அவருடைய அப்பா நிராபத சர்கேல் தன் பதினோரு நோட்டுகளையும் முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பிவிட்டு, காக்காய் விரட்டக் கம்போடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மாலையில் பக்கத்துக்குப் பக்கம் வேப்பிலையும் கருஞ்சீரகமும் வைத்து, சிவப்புத் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போடுவார். அந்த நோட்டுகள்தான் பாலிதீகியின் முழு வரலாறு. நாற்பது வருட உழைப்பு. முதல் பாகத்தை மட்டும் தன் சொந்தச் செலவில் முந்நூறு பிரதி அச்சிட்டார். விற்றது முப்பத்தொன்று, கல்யாணங்களில் பரிசாகக் கொடுத்தது நாற்பது. மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் கரையான் படித்தது. இந்த ஊரில் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை விடாமல் படித்தது கரையான்தான்.

நான்கு மாதத்துக்கு முன் சாகும்போது மகனின் கையைப் பிடித்து, பதினோரு நோட்டையும் மாவட்ட நூலகத்தில் சேர்த்துவிடு, ஒரு பக்கம்கூடக் குறையக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பிபாஷும் அலைந்து திரிந்து நூலகத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். நாளைக் காலை பதினோரு மணிக்கு வண்டி வருகிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்பதாம் நோட்டைப் படிக்கும்வரை.

ஒன்பதாம் நோட்டில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நான்கு தாள்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடப் பஞ்சம். பிபாஷின் தாத்தா ஜோகேந்திரநாத்தின் நெல் கிடங்கு. கிடங்குக் கூலிகளுக்குத் தினமும் அண்டா அண்டாவாகச் சோறு வெந்தது. வடித்த கஞ்சியையாவது ஊற்றுங்கள் என்று சனங்கள் மண்சட்டியோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். இன்று கஞ்சி கொடுத்தால் நாளை சோறு கேட்பார்கள் என்றார் தாத்தா. கதவுக்குக் குறுக்கே இரும்புச் சட்டத்தைப் போடச் சொன்னார். கஞ்சி பின்பக்கக் குளத்துக்குப் போனது. மூன்று வாரம். கதவுக்கு வெளியே நாற்பத்தேழு பேர்.

அப்பா அந்த நாற்பத்தேழு பேரையும் தேடி எழுதியிருந்தார். சுற்றுவட்டக் கிராமங்களில் பதினோரு வருடம் சைக்கிள் மிதித்து, செத்தவர்களின் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே சொன்னவர் பெயரும் வயதும், அந்த வீட்டில் தனக்குச் சாப்பிடக் கொடுத்ததும். அது அவருடைய வழக்கம். 'பதினேழு. கேதுவின் அம்மா. பெயர் தெரியவில்லை. மடியில் சட்டி. சொன்னவள் மகள், வயது எழுபத்தொன்று. அவல் பொரியும் ஒரு முட்டையும் கொடுத்தாள். நான் யார் மகன் என்று சொன்ன பிறகும் கொடுத்தாள்.'

கடைசி வரியைப் படித்தபோது பிபாஷுக்கு அப்பாமேல் கோபம்தான் வந்தது. உனக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டாய். வரும் ஞாயிற்றுக்கிழமை உயர்நிலைப் பள்ளியில் புது உணவுக்கூடம் திறக்கிறார்கள். அதற்குத் தாத்தாவின் பெயர் வைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் கமிட்டியில் சண்டை போட்டு ஜெயித்தவர் பிபாஷ். இந்த நாலு தாள் வெளியே போனால் இந்த ஊரில் அவர் யார்? கதவடைத்தவனின் பேரன். செத்த பிறகும் அப்படித்தான் சொல்வார்கள்.

கிழித்திருக்கலாம். கை வரவில்லை. எழுதிய தாள் காலில் பட்டால் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் வீடு அது. கிழிப்பதும் எரிப்பதும் சரஸ்வதிக்கு ஆகாது. தவிர, அப்பா எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டிருந்தார். அதனால் ஒட்டினார். ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு பக்கமும் குறையவில்லை. சத்தியமும் தப்பவில்லை. ஒட்டுவதற்கு முன் நோட்டை நெற்றியில் ஒற்றிக்கொள்ளவும் மறக்கவில்லை.

வடிகஞ்சியைச் சுண்டக் காய்ச்சினால் நல்ல பசை. ஆனால் அப்பா எல்லா நோட்டின் அட்டையிலும் எழுதி வைத்திருந்தார்: 'மைதாவும் மயில்துத்தமும் மட்டும். அரிசிப் பசை கூடாது.' பூச்சி வராமலிருக்கப் போடும் அந்த மயில்துத்தத்தை வாங்க மழையில் யார் கடைக்குப் போவது?

மத்தியானம் சோறு வடிக்கும் நேரம் பார்த்து அடுப்படிக்குப் போனார். அவர் மனைவி தீபாலி சட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க மறுபடியும் கஞ்சி? நேத்தும் ஒரு சட்டி கொண்டுபோனீங்க."

"பசைக்குத்தான்."

"கஞ்சிப் பசைன்னா மாமாவுக்கு ஆகாதே. நான் வந்த புதுசுல ஒரு தாளை ஒட்டிக் குடுத்தேன், அன்னைக்குப் பூரா அவர் சோத்துல கை வைக்கல."

"பூச்சி அரிக்கும்னு சொல்லியிருப்பார்."

"பூச்சின்னு சொல்லல." தீபாலி சட்டியை நீட்டினாள். "'அவங்களுக்கு ஆசை காட்டாதம்மா'ன்னார். பூச்சியைப் போய் யாராவது அவங்கன்னு சொல்வாங்களா? அப்பவே புத்தி தடுமாறிடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பிபாஷ் சிரித்துவிட்டு முற்றத்தைத் தாண்டினார். அப்பா எழுதிய அறை பழைய கிடங்கின் கணக்கறை. அதற்கு ஒரே கதவு. அந்தக் காலத்தில் கதவுக்கு வெளியே வெட்டவெளி. இப்போது அங்கேதான் முற்றம், முற்றத்துக்கு எதிரே வீடும் சமையலறையும். இரும்புச் சட்டம் மட்டும் இன்னும் சுவரில் சாய்ந்து நின்றது.

இந்த முறை தாராளமாகப் பூசினார். எட்டுப் பக்கமும், ஓரம்வரை. மேலே பத்து சேர் எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். சட்டியில் மிச்சமிருந்த பசையை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மூன்று மணிக்குத் தொலைபேசி எழுப்பியது. பள்ளிச் செயலாளர் கோபேஷ்வர்.

"பிபாஷ் அண்ணா, பளிங்குக்கல் வந்தாச்சு. சோறிட்ட வள்ளல், அன்னதாதா ஜோகேந்திரநாத் சர்கேல்னு பொன்னெழுத்துல, கண்ணைப் பறிக்குது. கீழ ஒரு வரிக்கு இடம் இருக்கு. பசிச்சவங்களுக்கு அவர் செஞ்சதைப் பத்தி உங்கப்பா நோட்டுல நல்லதா ஏதாவது இருந்தா எடுத்துக் குடுங்களேன்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். மின்சாரம் போயிருந்தது. வெளியே மழை கனத்து, பட்டப்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. முற்றத்தைத் தாண்டிக் கதவைத் தள்ளினார்.

எடைக்கல் தரையில் இருந்தது. விழுந்த கல்லானால் செங்கல் தரை பெயர்ந்திருக்கும். இது இறக்கி வைத்தது போல் நேராக உட்கார்ந்திருந்தது. நோட்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்திருந்தது. நான்கு தாளும் தனித்தனியாக, சுத்தமாக, ஈரமாக. மேசைக்கடியில் வைத்த சட்டியைத் தேடினார். அது கதவருகே இருந்தது. கவிழ்த்துப் பார்த்தார். கழுவியது போல் பளபளத்தது.

பூனை என்று வாய்விட்டுச் சொன்னார். இந்த வீட்டில் பூனை கிடையாது. பூனைக்குப் பத்து சேர் கல்லைத் தூக்கத் தெரியாது.

அப்படியே விட்டுவிடலாம் என்று அப்போது தோன்றியது. நோட்டை மூடிச் சிவப்புத் துணியில் சுற்றி, நாளை வண்டியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. அப்பாவுக்கும் அது போதும். இவர்களுக்கும், யாராயிருந்தாலும், அது போதும். நெஞ்சு ஒரு நிமிடம் லேசானது. பிறகு பளிங்குக்கல்லின் பொன்னெழுத்து நினைவுக்கு வந்தது. எழுந்து சமையலறைக்குப் போய், மாடுகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கஞ்சியையும் வழித்துக்கொண்டு வந்தார். தீபாலி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே வந்ததும் இரும்புச் சட்டத்தை எடுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டார். அவள் வந்து பார்த்துவிடக் கூடாது என்றுதான். வேறு எதற்காகவும் இல்லை. ஈரத்தில் ஊறி உப்பிய மரக் கொக்கிகளில் சட்டம் கிறீச்சிட்டு இறுகியது.

அகல் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு தூரிகையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பூசினார். வெதுவெதுப்பான கஞ்சியின் வாசனை, வெந்த அரிசியின் அந்த இனிப்பு வாசனை, அறை முழுவதும் ஏறி, பழைய தாளின் வாசனையையும் வேப்பிலையின் கசப்பையும் அமுக்கிவிட்டு, மூக்கிலும் தொண்டையிலும் வந்து நின்றது. மழைச் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம் மெல்லக் கேட்டது. பல பேர் ஒரே இடத்தில் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்தால் வரும் சத்தம். யாரோ நகர்ந்து உட்காருவது. யாரோ சட்டியைத் தரையில் மாற்றி வைப்பது. மண்சட்டி செங்கல்லில் உரசும் சத்தம்.

வெளியே இல்லை.

கதவுக்கு இந்தப் பக்கம்.

விளக்கு அணைந்தது. காற்று இல்லை. யாரோ அருகில் குனிந்ததால் அணைந்தது போலிருந்தது.

மேசைமேல் ஆரம்பித்தது. சளக். சளக். தாள் புரண்டது. சளக். அவசரமே இல்லை. எத்தனையோ நாள் காத்திருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கத் தெரியும். ஒருவர் முடித்ததும் இன்னொருவர் வருவது இருட்டிலும் தெரிந்தது. சட்டி இழுபட்டது. கவிழ்ந்தது. உருண்டது. காலியாகிவிட்டது.

அமைதி.

பிபாஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மேசைமேல் பசை தீர்ந்தது. சட்டியில் தீர்ந்தது. வேறெங்கும் இல்லை.

வலது கையின் சுண்டுவிரலில் பட்டது. குளிர்ந்து, சொரசொரவென்று, கன்றுக்குட்டியின் நாக்கைப் போல். நகக்கணுவிலிருந்து மேலே. பிறகு மோதிர விரல். பிறகு இடது கையில் இன்னொன்று. கையை இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினார். சட்டத்தைப் பிடித்தார். கஞ்சி பிசுபிசுத்த கை வழுக்கியது. மறுபடி பிடித்தார். வழுக்கியது. உப்பிய மரம் இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது.

தீபாலி என்று கத்தினார். தொண்டை காய்ந்திருந்தது. எச்சிலே இல்லை. வந்த குரல் அவருடையது அல்ல. மெலிந்த, கிழிந்த, ஒரு பெண்பிள்ளைக் குரல். உள்ளங்கையால் கதவைத் தட்டினார். அந்தத் தட்டலிலும் பலம் இல்லை.

"அம்மா," என்றது அவர் வாய். வேறொன்றும் வரவில்லை. "அம்மா. கொஞ்சம் திறங்கம்மா."

முற்றத்துக்கு அப்பால் சமையலறைக் கதவு திறந்தது. மழையைத் தாண்டித் தீபாலியின் குரல் வந்தது. நல்ல குரல். வாசலுக்கு வருகிறவர்களிடம் அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள்.

"யாரும்மா அங்க, மழைக்கு ஒதுங்கினியா? இன்னைக்கு ஒண்ணுமில்லம்மா. இருந்த கஞ்சியையும் எங்க வீட்டுக்காரர் வழிச்சிட்டுப் போயிட்டார். மன்னிச்சுக்கோ. வேற வீடு பாரு."

"அம்மா."

"போம்மா. நனையாதே."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

பிபாஷ் கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தார். இருட்டில் சட்டிகள் நகர்ந்து நெருங்கின. வலது கை நடுவிரலில், விட்ட இடத்திலிருந்து, நாக்கு மறுபடி ஆரம்பித்தது.