சொந்த வேளை

காலையில் எழுந்ததும் இன்பசேகரன் தன்னிடமிருந்த காற்று வாரியப் பங்குகளை எல்லாம் விற்றார். பிறகு பல் துலக்கினார்.

செவ்வாய்க் கிரகத்தில் கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்கள் இப்படித்தான் நாளைத் தொடங்குவார்கள். தூங்கி எழுந்ததிலிருந்து கட்சி அலுவலகம் போய்ச் சேரும்வரை கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குச் 'சொந்த வேளை' என்று பெயர். அதற்குள் வீடு மாற்றுவார்கள், பிள்ளையை வேறு பள்ளியில் சேர்ப்பார்கள், தங்கள் கட்சி வெட்டிய சுரங்கப்பாதையைத் தவிர்த்து வேறு வழியாக அலுவலகம் வருவார்கள்.

எல்லாம் மெய்விளக்கால் வந்தது. செவ்வாயின் ஒவ்வொரு பேச்சு மேடையிலும் அது இருக்கவேண்டும் என்பது சட்டம். பேசுகிறவர் தான் சொல்வதை நம்பினால் பச்சை எரியும், நம்பாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் தேர்தல் முடியும்வரை அந்தக் கட்சி வாய் திறக்கக்கூடாது. சட்டம் வந்த அன்று இனி அரசியலில் பொய்யே இருக்காது என்று மக்கள் தெருத்தெருவாக இனிப்பு கொடுத்தார்கள். விளக்கு அளப்பது உண்மையை அல்ல, நம்பிக்கையைத்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. கட்சிகளுக்கு உடனே உறைத்தது. அடுத்த தேர்தலுக்குள் 'நம்பிக்கை நாற்காலி' தயாராகிவிட்டது. தொடர்பாளர் அதில் உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டால் அன்றைய நிலைப்பாடு மூளையில் ஏறும். தூங்கப் போகும்வரை அதை மனதார நம்புவார். ஒரு தூக்கத்தில் கரைந்துவிடும்.

இன்பசேகரன் ஆளும் ஒற்றைக் குடைக் கட்சியின் தொடர்பாளர். அவர் பேசும்போது பச்சை ஒருமுறைகூட நடுங்கியதில்லை. கல்லூரிகளில் நேர்மையைப் பற்றிப் பேச அவரைத்தான் அழைப்பார்கள். அவரும் போவார், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த பிறகு.

அன்று பல் துலக்கிய கையோடு மனைவி வெண்மதியை அழைத்தார். கண்ணாடிக் கூரைக்குள் காற்றை அடைத்த ஊர்களில் ஒன்றான, அவர்கள் குடியிருந்த நான்காம் குமிழியில் காற்றுச் சல்லடை கெட்டுப்போயிருந்தது. தலைவருக்கு அது தெரியும், கட்சிக்குத் தெரியும், சொந்த வேளையில் இன்பசேகரனுக்கும் தெரியும். வாக்குப்பதிவு முடியும்வரை ஊருக்குத் தெரியக்கூடாது என்பது முடிவு.

"பொழிலைக் கூட்டிக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. இப்பவே."

"என்னங்க திடீர்னு? அவளுக்கு ஸ்கூல் இருக்கு."

"காத்து சரியில்ல. யார்கிட்டயும் சொல்லாத. நான் ஆபீஸ் கிளம்புறதுக்குள்ள நீங்க கிளம்பணும்."

வெண்மதி மகளை எழுப்பி, சாப்பிடக்கூட விடாமல் முதல் குமிழிக்கு ரயில் ஏறினாள். பொழிலுக்கு ஆறு வயது. மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தாள்.

இன்பசேகரன் அலுவலகம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரசார மேலாளர் குலோத்துங்கன் கவசத்தை மாட்டிவிட்டு அன்றைய நிலைப்பாட்டை வாசித்தார்: நான்காம் குமிழியின் காற்று சுத்தமானது. நாற்காலி உறுமியது. இன்பசேகரன் எழுந்தபோது அவர் முகத்தில் நல்ல தூக்கம் தூங்கியவனின் தெளிவு இருந்தது.

மேடையில் பச்சை எரிந்தது. காற்றைப் பற்றிக் கிளம்பியதெல்லாம் எதிரிகளின் புரளி என்றார், பச்சை எரிந்தது. அப்போது ஒரு நிருபர், அவர் குடும்பம் காலையில் பெட்டியோடு ரயில் ஏறியதை யாரோ படமெடுத்திருப்பதாகச் சொன்னார். இன்பசேகரன் திடுக்கிட்டார். மாலைக்குள் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள், வந்து படமெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கும் பச்சைதான்.

உடனே மனைவியைப் போனில் அழைத்தார்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க" என்றாள் வெண்மதி.

"அது சொந்த வேளையில சொன்னது. அப்ப எனக்குத் தெளிவு கிடையாது. என் மானம் போகுது, திரும்பி வா."

"குழந்தை இருமுதுங்க."

"டிவில பார்த்தியா இல்லையா? என்ன எரிஞ்சுது?"

அவள் இருமும் மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "பச்சைதான்" என்றாள்.

மாலையில் கேமராக்கள் சூழ, பொழில் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து கையசைத்தாள். செவ்வாய் முழுக்க அந்தப் படம் ஓடியது. நான்காம் குமிழியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைப் பிரித்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது பொழிலால் மூச்சை இழுக்க முடியவில்லை. மருத்துவமனையில் குழாய் வைத்தார்கள். நுரையீரல் பழைய நிலைக்கு வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இன்பசேகரன் சொந்த வேளையில் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது. நேரே அலுவலகம் போய் குலோத்துங்கனின் சட்டையைப் பிடித்தார்.

"உன் நாற்காலியாலதான்யா என் பொண்ணு அங்க கிடக்கா. புத்தி இருந்தப்ப நான் அனுப்பி வச்சேன். உன் நாற்காலிதான் திரும்பக் கூப்பிட்டுச்சு. இன்னைக்கு இதுல உக்காராம மேடைக்குப் போறேன். உள்ளதைச் சொல்லப்போறேன்."

குலோத்துங்கன் நிதானமாக அவர் கையை விலக்கிவிட்டு நாற்காலியின் பின்பக்கத்தைத் திறந்துகாட்டினார். உள்ளே ஒரு சிறிய மோட்டாரும் நிறைய தூசியும் இருந்தன.

"போன தேர்தலுக்கு முன்னாடியே எரிஞ்சுபோச்சு இன்பா. பூமியிலேர்ந்து புதுசு வரட்டும்னு, சும்மா சத்தத்துக்கு இதை வச்சேன். உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். முதல் நாளே பச்சை எரிஞ்சுது. சரி, எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப நேத்து அவளைத் திரும்பக் கூப்பிட்டது..."

"நீதான்யா." குலோத்துங்கன் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. "பூமியில அந்தக் காலத்துல இந்த வேலைக்கு நாற்காலியே கிடையாதாம். சம்பளம் மட்டும்தானாம்."

வெளியே நிருபர்கள் மகளைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தார்கள். இன்பசேகரன் அந்தத் தூசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியின் மூடியைத் தன் கையாலேயே மூடினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடைக்கு நடக்கும் அந்தச் சில அடிகளுக்குள் அவர் முகத்தில் பழைய தெளிவு வந்துவிட்டது.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் அவளை அங்கும் இங்கும் ரயிலில் அலைக்கழித்தது என் மனைவி" என்றார். "நான் யாரையும் போகவும் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை."

பச்சை எரிந்தது. நடுக்கமே இல்லை.

மருத்துவமனைத் திரையில் வெண்மதி அந்தப் பச்சையைப் பார்த்தாள். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, குழாயின் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மகளின் நெற்றியைத் தடவியபடி, உண்மையிலேயே அவர் சொல்லாமல் தானேதான் அழைத்துப் போனோமோ என்று யோசிக்கத் தொடங்கினாள்.