ஆம்பளை மாத்திரை

“கொலைகாரி! எங்க அண்ணனைக் கொன்னுட்டா!”

சவப்பெட்டி மேல் விழுந்து அலறினான் ஓடெரா.

ஏரிக்கரை ஜனம் மொத்தமும் கையில் கல்லோடு நின்றது. குறி... அபோண்டி! செத்துப்போன மீனவன் ஒபியேரோவின் மனைவி.

ஜீப்பிலிருந்து குதித்தாள் இன்ஸ்பெக்டர் ரிஸ்பா. பின்னாலேயே ஆஸ்பத்திரி டாக்டர் கெமுன்டோ.

“எவனாவது கல்லை வீசினான்... அதே கல்லை முழுங்க வைப்பேன்!”

“நீங்களே நியாயம் சொல்லுங்க மேடம்!” என்றான் ஓடெரா. “புருஷனுக்கும் எச்.ஐ.வி. பொண்டாட்டிக்கும் எச்.ஐ.வி. ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. இவ மினுமினுன்னு இருக்கா. அண்ணன் மட்டும் கருவாடா காஞ்சு செத்தாரே, எப்படி?”

டாக்டர் பெருமூச்சு விட்டாள்.

“நடக்கிறதுதான். பொம்பளைங்க சீக்கிரம் வந்துடுவாங்க, ஒழுங்கா முழுங்குவாங்க. ஆம்பளைங்க முத்தவிட்டு வருவாங்க, பாதியில நிறுத்துவாங்க. சாவும் ஆம்பளைங்கள்லதான் அதிகம். அதனாலதான் எனக்கும் சந்தேகம் வரலை.”

“அப்ப இதைப் பாருங்க!” ஒரு புட்டியை நீட்டினான். “அண்ணனோடது!”

டாக்டரின் முகம் வெளிறியது.

“மஞ்சளா...? இது வெறும் வைட்டமின்!”

“மாத்தி வச்சிருக்கா, பாவி!”

கூட்டம் உறுமியது. கைவிலங்கை எடுத்தாள் ரிஸ்பா.

“இதைத் தின்னும் எப்படிச் செத்தார்னு டாக்டரம்மாகிட்ட காட்டிக் கேக்கணும்னு காலையில சொன்னதே நான்தான் மேடம்!” கதறினாள் அபோண்டி. “பிள்ளைங்க மேல சத்தியம்! ஆம்பளைக்கு மஞ்சள், பொம்பளைக்கு வெள்ளைன்னு நம்பிட்டேன்!”

“ஆம்பளை மாத்திரை, பொம்பளை மாத்திரைன்னு எதுவும் கிடையாதும்மா,” என்றாள் டாக்டர். “உங்க ரெண்டு பேருக்கும் குடுத்தது ஒரே வெள்ளை மாத்திரை. உடம்புதான் ஆளுக்கு ஒரு மாதிரி கேக்கும்.”

“யார் சொன்னது உனக்கு?” என்றாள் ரிஸ்பா.

“கொழுந்தனார்தான்! என் புருஷனுக்காக ஆஸ்பத்திரி போய் வாங்கிட்டு வர்றதே இவர்தான்!”

“பொய்!”

ரிஸ்பா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டுப் பட்டன் பூட்ட மறுத்தது.

“போன மழைக்கு உன்னைப் படகுத்துறையில பார்த்தேன். இருமி இருமி எலும்பா நின்னே. இப்ப தொந்தி!”

“மீன்... நல்ல மீன் மேடம்...”

“அண்ணன் தின்னதும் அதே ஏரி மீன்தானே?”

ஓடெராவின் கை தானாகக் கோட்டுப் பையைப் பொத்தியது.

சட்டென்று அவன் கோட்டுப் பைக்குள் கை விட்டாள். ஒரு புட்டி! குலுக்கினாள்.

சத்தமே இல்லை.

“பஞ்சு அடைச்சிருக்கே. மாத்திரை குலுங்கி ஊருக்குத் தெரிஞ்சிடக்கூடாதுன்னு...”

பஞ்சைப் பிடுங்கினாள். உள்ளே... வெள்ளை மாத்திரை! புட்டி மேல் ஒபியேரோவின் பெயர்!

கற்கள் இப்போது திசை மாறின. ஓடெரா ரிஸ்பாவின் காலடியில் சரிந்தான்.

“என் பொண்டாட்டி செத்தப்பவே எனக்கும் இருக்குன்னு தெரியும் மேடம்... ரெண்டு உயிர், ஒரு புட்டி...”

“உனக்கும் சும்மாவே குடுத்திருப்பாங்களேடா! க்யூவுல நின்னவன்தானே நீ?”

“அண்ணனுக்குன்னு நின்னா கௌரவம். எனக்குன்னு நின்னா... க்யூ முழுக்கப் பொம்பளைங்க மேடம். சிரிப்பாங்க!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அபோண்டி சவப்பெட்டி அருகில் போய் உட்கார்ந்தாள். அவளுக்காக எடுத்த விலங்கு ஓடெராவின் கையில் விழுந்தது. க்ளிக்!

“ஜெயில்லயும் மாத்திரைக்கு க்யூதான்,” என்றாள் ரிஸ்பா. “தைரியமா நில்லு. அங்கே சிரிக்கறதுக்கு ஒரு பொம்பளைகூடக் கிடையாது!”