பெயர் கழிக்கும் மாதம்

தினமும் காலை ஆறே காலுக்கு வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "தனியாள்" என்று சத்தமாகச் சொல்வேன். கண்ணாடிக்குக் கீழே மிளகளவில் இருக்கும் காப்புக்கண் பச்சையாகும். பக்கத்து இருக்கையில் எடை இருக்கிறதா, பின்னால் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று ஒரு நொடி சோதிக்கும். பிறகு அன்றைய காப்பீட்டுத் தொகையைத் திரையில் காட்டும். அதற்கப்புறம்தான் மோட்டார் ஓடும். முதல் வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

தாராபுரத்துக்கு மேற்கே நிற்கும் காற்றாலைகளில் நாற்பத்திரண்டு என் பொறுப்பு. பார்த்து, சத்தம் கேட்டு, எந்தப் பல்சக்கரம் நோயில் கிடக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பஸ் நின்று பதினைந்து வருஷம் ஆகிறது. வாடகைக்கு ஓடும் ஒற்றையாள் கூண்டுகள் தார் ரோட்டை விட்டு இறங்காது. காற்றாலைகளோ தார் ரோட்டின் ஓரத்தில் நிற்பதில்லை. ஆக, சொந்த வண்டி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. ஐம்பத்து நாலு வயதுக்காரியைக் கூப்பிட்டு வேறு வேலை கொடுக்க எவனும் வாசலில் காத்திருக்கவுமில்லை.

எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே ஒரு தலைதான் தெரியும். என் சின்ன வயதில் ஒரு காரில் ஏழு பேர் அடைந்து பழனிக்குப் போயிருக்கிறோம். இன்று ஏழு பேர் பழனிக்குப் போனால் ஏழு வண்டி போகிறது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஒரு காரில், பெண் ஒரு காரில். இதை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. வண்டிக்குள் நடக்கும் பேச்சுதான் விபத்துக்கு முதல் காரணம் என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு நாள் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரையும் உரிமையாளர் தன் பயணிப் பட்டியலில் பதிய வேண்டும் என்றாயிற்று. பதிந்த ஆளின் உடம்பு, கோபம், வாயாடித்தனம் எல்லாவற்றையும் கூட்டி அவருக்கு ஓர் இடர் எண் போடுவார்கள். அந்த எண் ஏற ஏற நம் காப்பீட்டுத் தொகையும் ஏறும்.

ஜனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மாமனாரைக் கழித்தார்கள். அப்புறம் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைசியில் கட்டிய பெண்டாட்டி.

பட்டியலைப் புதுப்பிக்கும் காலம் ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் அதைப் பேர் கழிக்கும் மாதம் என்பார்கள். அந்த மாதத்தில் ஒருவரிடம் "உன் லிஸ்டில் நான் இருக்கிறேனா" என்று கேட்பது, சாப்பிடுகிறவன் இலையை எட்டிப் பார்ப்பதைவிடக் கேவலம். பெயரைக் கழித்தவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். ஒரு கிலோ மைசூர்பாகை, அனுப்பியவர் பெயர் இல்லாமல், கழிக்கப்பட்டவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டி வந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். யார் அனுப்பியது என்று கேட்டாலும் அனுப்பியவர் இல்லவே இல்லை என்று சாதிக்க வேண்டும், அதுதான் மரியாதை. யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. ஆடியில் மிட்டாய்க் கடைக்காரர்கள் கொழுக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

இந்த ஆடி முதல் செவ்வாய்க்கிழமை எனக்கும் ஒரு பெட்டி வந்தது.

என் பெயரை வண்டியில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான். கூட வேலை பார்க்கும் பரணி. என் வண்டி சர்வீஸுக்குப் போகும் நாட்களில் அவன் என்னை ஏற்றிக்கொள்வான். சரி, பிள்ளை பெற்றவன், அவனுக்கும் செலவு இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நெய் ஒழுகும் அந்த மைசூர்பாகை மூன்று நாளில் நானே தின்று தீர்த்தேன், கோபத்தில். அவனோடு பேசுவதையும் நிறுத்தினேன்.

எனக்கு மட்டும் பெரிய யோக்கியதை இருந்ததாக நினைக்க வேண்டாம். என் பட்டியலிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. செழியன், என் அண்ணன். வயது அறுபத்தொன்று. குண்டடத்தில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். அண்ணி போய் எட்டு வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் குண்டடம் போய் அவரை ஏற்றிக்கொண்டு, அமராவதி ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப்போய்த் திரும்புவேன். இரண்டு மணி நேரம். எங்கள் இருவருக்கும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராது, அது பிறவிக் குணம். அவர் அறையில் இரண்டு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால் "அப்பறம்" என்பார், "ஒண்ணுமில்லைங்ண்ணா" என்பேன், முடிந்தது. அதே ஆள் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ரோடு எதிரே வந்துகொண்டிருந்தால் என்னென்னவோ பேசுவார். அண்ணி கடைசி நாளில் என்ன கேட்டாள் என்பதை மூலனூர் வளைவில்தான் சொன்னார். நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை அந்த வண்டிக்குள்தான் சொன்னேன். வாரத்தில் மற்ற நாட்களில் நான் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அரை மணி நேரம் தேறாது.

தை மாதத்தில், பாலத்துக்குப் பக்கத்தில், ஓடுகிற வண்டியில் அவருக்கு வலிப்பு வந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. நான் எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன், ஒரு கீறல் இல்லை. ஆனால் காப்புக்கண் பார்த்துவிட்டது. இருபத்திரண்டாக இருந்த அவருடைய இடர் எண் எண்பத்தொன்று ஆனது. ஆடிக்கு முன்னால் நோட்டீஸ் வந்தது. அவர் பெயரோடு புதுப்பித்தால் என் சம்பளத்தில் பாதிக்குமேல் காப்பீட்டுக்கே போய்விடும்.

என்னென்னவோ பார்த்தேன். டயரை இன்னொரு வருஷம் ஓட்டலாம். பிரேக் கட்டையை நானே மாற்றிக்கொள்ளலாம், ஸ்பேனர் பிடிக்கிற கைதான் இது. மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். எல்லாம் சேர்த்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அண்ணன் பெயரை வைத்துக்கொண்டால் வண்டியை விற்க வேண்டும். வண்டி போனால் வேலை போகும், ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போகும். பெயரைக் கழித்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகும். கழித்த பெயரை ஒரு வருஷத்துக்குத் திரும்பச் சேர்க்க முடியாது. வலிப்புக்காரரை அப்புறமும் சேர்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூசி, ஆடி பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று சொல்லிவிட்டுக் குண்டடம் போகாமல் இருந்தேன்.

நோட்டீஸில் எனக்குக் கொடுத்திருந்த கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்பு, மதியம், இருபத்தேழாம் எண் காற்றாலையின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பரணி டிபன் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏனுங்க்கா, பத்து நாளா மொகங் குடுத்துப் பேச மாட்டீங்கறீங்க. நான் என்ன பண்ணுனேன்?"

"மைசூர்பாகு நல்லா இருந்துச்சுப்பா."

"என்ன மைசூர்பாகுங்?"

"சரி விடு. நீ இல்லைன்னுதான சொல்லோணும்."

"அக்கா, சத்தியமா நான் யாருக்கும் பெட்டி அனுப்புலைங். எம்பட லிஸ்ட்ல நீங்க இருக்கறீங்கோ."

நன்றாகத்தான் மரியாதை காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் பாவம், பாதிச் சோற்றை மூடிக்கொண்டு எழுந்து போனான்.

அவன் போனதும் கைப்பேசியில் புதுப்பிக்கும் பக்கத்தைத் திறந்தேன். ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு இதற்குமேல் முடியாது என்றாகியிருந்தது. கழித்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். அண்ணனுக்கு அனுப்பக் கடையில் பெட்டிக்குச் சொல்லியும் ஆயிற்று.

பக்கம் திறந்தது. 'பதிவான பயணிகள்: இல்லை' என்று இருந்தது.

ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி திறந்தேன். அதேதான். கீழே இறக்கிப் பார்த்தபோது சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'செழியன். பயணி தாமாகவே விலகினார். ஆடி முதல் செவ்வாய்.'

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெருமூச்சு விட்டேன், தோள்கூட இறங்கியது. 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தினேன். மிகக் குறைந்த தொகைக்கான தனியாள் தரத்தை எனக்குக் கொடுத்து, வாழ்த்துகளும் சொன்னார்கள். கடைக்குப் போன் செய்து, அண்ணனுக்குச் சொன்ன பெட்டி வேண்டாம் என்றேன். அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வண்டியே இல்லாத மனிதர், தன்னைத் தானே கழித்துக்கொண்டு, வழக்கப்படி எனக்கு ஒரு கிலோ அனுப்பியிருக்கிறார். நான் அதைப் பரணியைத் திட்டிக்கொண்டே தின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குண்டடம் போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். சட்டை போட்டு, தலை சீவி, எப்போதும்போல் புறப்படத் தயாரானவர் மாதிரியே இருந்தார்.

"வா அம்மிணி. இந்த வெயில்ல எதுக்கு வந்தே?"

இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தோம். "அப்பறம்" என்றார். நான் சண்டைக்குப் போனேன், வேறு எதுவும் எனக்கு வரவில்லை.

"என்னங்ண்ணா நெனச்சுட்டு இருக்கறீங்க? என்னயக் கேக்காம பேர எப்படி எடுப்பீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. திட்டு வாங்கி அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

"கேட்டா நீ உடமாட்டே. எனக்குத் தெரியாதா? நீயா எம்பட பேர எடுக்கவே மாட்டே. வண்டிய வித்தாச்சும் வெச்சுக்குவே. அதான் நானே எடுத்துட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். எதிரே அவர் முகம் இருந்தது, அந்தச் சந்தோஷத்தோடு.

"வாங்க, வண்டில போயி உக்காரலாம்" என்றேன்.

"ஓடாதே அது."

"ஓட வேண்டாம். சும்மா உக்காரலாம்."

வீட்டு வாசலில், மதிலைப் பார்த்து நிறுத்தியிருந்த வண்டியில் இருவரும் ஏறினோம். காப்புக்கண் சிவந்தது. "பதிவில்லாத பயணி. வண்டி நகராது. பத்து நிமிடங்களுக்கு மேல் அமர்ந்தால் இடர்க் கணக்கில் சேரும்" என்றது. அண்ணன் பழக்கத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தேன். எதிரே மதில். அதில் காரை பெயர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதில் நகரவில்லை. எங்களுக்குப் பேச்சும் வரவில்லை.

"மைசூர்பாகு எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்ண்ணா."

"நெய் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னேன்."

மறுபடி மதில். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்போது நிமிசம் ஆச்சு அம்மிணி. நான் எறங்கிக்கறேன். சும்மா கெடக்கற கணக்க எதுக்கு ஏத்திட்டு." பெல்ட்டைக் கழற்றினார். இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, என் பக்கக் கண்ணாடியில் இரண்டு விரலால் தட்டி, போ என்று கை காட்டினார்.

"தனியாள்" என்றேன். காப்புக்கண் பச்சையானது. வண்டி கிளம்பியது.

ஊர் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் காற்றாலைகள், எதிரே ரோடு ஓடிவந்தது. இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டேன்.

"அண்ணா" என்றேன். "நானும் அன்னைக்கு உங்க பேர எடுக்கத்தான் தொறந்தேன். பெட்டிக்குக்கூடச் சொல்லிட்டேன். நீங்க எடுத்துட்டீங்கன்னு பாத்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்ண்ணா. நீங்க நெனைக்கற ஆளில்ல நானு."

காப்புக்கண் மஞ்சளானது. "பேச்சு கேட்கிறது. பக்கத்து இருக்கையில் எடை இல்லை. யாரிடம் பேசுகிறீர்கள்?"

யாரிடமும் இல்லை என்றால் அது அடங்கியிருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"எங்கண்ணங்கிட்ட" என்றேன்.

"அப்படி ஒருவர் உங்கள் பட்டியலில் இல்லை" என்றது. திரையில் அன்றைய தொகை ஏறத் தொடங்கியது. தாராபுரத்துக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருந்தது. நான் பேசிக்கொண்டே ஓட்டினேன்.